பியாட்ரிஸ் வாசலில் முள் சிவப்புக்குப் போனது

நீலசந்திராவில் பியாட்ரிஸின் வீடு எது என்று கேட்டால் யாரும் கதவு எண்ணைச் சொல்ல மாட்டார்கள். காலையில் எந்த வாசலில் பிள்ளைகள் ஊரைக் கூட்டி அழுகிறார்களோ, கொஞ்ச நேரம் கழித்து அதே பிள்ளைகள் எந்த வாசலில் விழுந்து விழுந்து சிரிக்கிறார்களோ, அதுதான் அவள் வீடு. கார்மெண்ட்ஸுக்குப் போகிறவர்கள், தொம்மலூர்ப் பக்கம் ஆபீஸ்களில் தரை துடைக்கப் போகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் தங்கள் பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். சாயங்காலம் வந்து, முகம் கழுவி, தலை சீவி, பவுடர் போட்டு உட்கார வைத்திருக்கிற பிள்ளையை வாங்கிக்கொண்டு போவார்கள்.

இந்த வேலையை அவள் தேடிப் போகவில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அம்மா முதுகுவலியில் படுத்துவிட, வீட்டில் ஊதுபத்தி உருட்ட ஒரு கை குறைந்தது. அந்தக் கை பியாட்ரிஸின் கையானது. அப்புறம் கார்மெண்ட்ஸில் நூல் வெட்டுகிற வேலை. அப்புறம் பேக்கரியில் வேலை பார்த்த லாயிட்டோடு கல்யாணம். மகள் ஆஞ்சலா பிறந்ததும் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கார்மெண்ட்ஸை விட்டாள். வீட்டில்தானே இருக்கிறாள் என்று பக்கத்துப் போர்ஷன்காரி ஒருநாள் தன் கைக்குழந்தையை அவள் மடியில் போட்டு, "செத்த நேரம் வச்சிருங்கக்கா, ஜல்தி வந்துடறேன்" என்று ஓடினாள். பொழுது சாய்ந்துதான் வந்தாள். மறுநாள் இன்னொருத்தியையும் கூட்டி வந்தாள். பியாட்ரிஸுக்கு முடியாது என்று சொல்ல வரவில்லை. இன்றைக்கு ஆஞ்சலா கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். பிள்ளைகள் மட்டும் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

முடியாது என்பது மட்டுமில்லை, பெரியவர்களிடம் எதைச் சொல்லவும் அவளுக்கு வராது. வார்த்தை தொண்டைவரை வந்து திரும்பிப் போய்விடும். சர்ச்சில் பூசை முடிந்து எல்லோரும் வெளியே நின்று கதை பேசும்போது, இவள் செருப்பைத் தேடுகிறவள் மாதிரி குனிந்துகொண்டே கூட்டத்தைத் தாண்டிவிடுவாள். யார் எது கேட்டாலும் ஒரு தலையாட்டல். அதை அவரவர் தங்களுக்கு வேண்டியபடி எடுத்துக்கொள்வார்கள். பிள்ளைகளிடம் மட்டும் வாய் ஓயாது. கதை, பாட்டு, திட்டு, கொஞ்சல் எல்லாம் கொட்டும். பேசாத நேரத்தில் பார்த்துக்கொண்டிருப்பாள். ஷோபாவின் மகன் லோகித் காதைப் பிடித்து இழுத்தால் தூக்கம் வருகிறது என்று அர்த்தம். சுனிதாவின் மகள் யஷிகா ரொம்ப நேரம் அமைதியாக இருந்தால் யாரையோ கடிக்கப் போகிறாள் என்று அர்த்தம். இப்படி ஒவ்வொரு பிள்ளையையும் அவள் பார்த்தே படித்து வைத்திருந்தாள்.

ஒருநாள் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ரஸ்க் தின்றுகொண்டிருந்தபோது அபினவ் வந்து நின்றான். மெயின் ரோட்டில் போனுக்குக் கவர், சார்ஜர் விற்கிற கடை அவனுடையது. கடையில் ஆள் வராத நேரத்தில் பேய் தேடுவான். அதற்கென்று போனில் ஆப் ஏற்றி வைத்திருந்தான். பேய் இருக்கும் என்று ஊர் சொல்கிற இடங்களுக்குப் போய், ஆப் என்ன காட்டுகிறது என்று வீடியோ எடுத்துப் போடுவான். அன்றைக்கு அவன் குறி வைத்தது தெருக்கோடியில் பூட்டிக் கிடந்த ஒரு பழைய அச்சகம். அங்கிருந்த வாட்ச்மேன் துரத்திவிட்டான்.

"அக்கா, உங்க வீடு கொஞ்சம் ஓல்டு லுக்கா இருக்குது. ஓடு எல்லாம் போட்டு சூப்பரா கீது. ரெண்டே நிமிஷம். எடுத்துக்கவா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பியாட்ரிஸ் தலையை ஆட்டினாள்.

போனில் வட்டமாக ஒரு மீட்டர் வந்தது. அதில் ஒரு முள். முள் பச்சையில் நின்றால் ஒன்றுமில்லை, மஞ்சளுக்குப் போனால் சந்தேகம், சிவப்புக்குப் போனால் பேய். அபினவ் அதைச் சுவரில் காட்டினான், மூலையில் காட்டினான், மாதா படத்துக்கு முன்னால் மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டுக் காட்டினான். முள் அசையவில்லை. பிள்ளைகள் ரஸ்க்கை வாயில் வைத்தபடி அவன் பின்னாலேயே கழுத்தைத் திருப்பினார்கள்.

"பேயுங்க உள்ள வர்றதும் போறதும் வாசல் வழியாத்தான்" என்று வீடியோவுக்குச் சொல்லிக்கொண்டே அபினவ் நிலைப்படி முன் குந்தினான். போனைக் கட்டையை ஒட்டிப் பிடித்தான். முள் துள்ளிச் சிவப்புக்குப் போனது. போன் கீ கீ என்று கத்தியது.

பிள்ளைகள் கை தட்டினார்கள். லோகித் அதே மாதிரி கத்திக் காட்டினான். அபினவுக்குத்தான் முகம் வெளுத்தது. இதுவரை அவன் போட்ட வீடியோ எதிலும் முள் உண்மையாகச் சிவப்புக்குப் போனதில்லை. கத்தல் எல்லாம் அவனே பிறகு ஒட்டவைத்தது. இன்னொரு ஆப்பைத் திறந்தான். அது பேய் சொல்ல நினைப்பதை இங்கிலீஷில் வாய்விட்டுச் சொல்கிற ஆப். கொஞ்ச நேரம் கரகரவென்றது. பிறகு ஒரு பெண்குரல், சைல்ட் என்றது.

அபினவ் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு போனான்.

மதியச் சாப்பாட்டு வேளைக்குள் அந்த வீடியோ கார்மெண்ட்ஸுக்குப் போய்விட்டது. ஒருத்தி பார்த்து அடுத்தவளுக்கு அனுப்பி, டிபன் டப்பாக்களுக்கு மேலே போன் கைமாறிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் வந்த தாய்மார்கள் வாசலுக்கு வெளியிலேயே நின்றார்கள். நிலைப்படியைத் தாண்டி ஒருத்தியும் கால் வைக்கவில்லை. பிள்ளைகளைப் பேர் சொல்லி வெளியே கூப்பிட்டார்கள்.

"நாளைக்கு லீவு போட்டிருக்கேங்க்கா" என்றாள் ஷோபா, எங்கேயோ பார்த்துக்கொண்டு.

சுனிதாவுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "தப்பா எடுத்துக்காதக்கா. அது கொழந்தன்னு பேர் சொல்லிக் கேட்டுக்கீது. பெரியவங்களக் கேட்டிருந்தாக்கூடப் பரவால்ல, எங்க மாமியார அனுப்பியிருப்பேன்."

பியாட்ரிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. தலையை ஆட்டினாள். சுனிதா அதைச் சரியென்று எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் ஒரே ஒரு பிள்ளை வந்தான். அவன் அம்மாவிடம் இருந்தது பட்டன் போன். அடுத்த நாள் யாரோ அவளுக்கும் காட்டிவிட்டார்கள்.

வீடு அமைதியானது. பேக்கரியில் விடியற்காலை ஷிஃப்ட் முடித்து மதியம் வந்த லாயிட், பிள்ளைகளுக்காக வாங்கி வந்த தில் பசந்த் தேங்காய் ரொட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். வீட்டு வாடகை இந்தப் பிள்ளைகளால்தான் போய்க்கொண்டிருந்தது. அது இருவருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய கவலை பியாட்ரிஸுக்கு இருந்தது. லோகித்தை இப்போது யார் தூங்கவைக்கிறார்கள், காதை இழுத்தால் என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியுமா என்பது. ஷோபா அவனை ஹெப்பகோடியில் அக்கா வீட்டில் விடுவதற்காக விடியுமுன் பஸ் ஏறுகிறாள் என்று கேள்விப்பட்டாள். யஷிகாவை அவள் பாட்டி லட்சுமம்மாவிடம் விட்டிருக்கிறார்கள். லட்சுமம்மா கட்டிலை விட்டு எழுந்திருக்காமலே, கையில் போனைக் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறாள்.

"நான் போயி அந்தக் கடைக்காரனாண்ட நாலு கத்து கத்திட்டு வரட்டா?" என்றான் லாயிட்.

"கத்தினா இன்னும் ஒரு வீடியோ எடுப்பான்" என்றாள் பியாட்ரிஸ். லாயிட்டிடம் அவளுக்குப் பேச்சு வரும்.

"அப்ப நம்ம வீட்ல நெஜமாவே எதுனா கீதா?"

"இருந்தா இத்தன வருஷம் யஷிகா அதைக் கடிக்காம விட்டிருப்பாளா?"

லாயிட் சிரித்துவிட்டான். சிரித்தபடியே தூங்கிப்போனான். பியாட்ரிஸ் அவன் போனை எடுத்தாள். அபினவின் வீடியோவைப் போட்டு நிறுத்தி, அந்த மீட்டர் எப்படி இருக்கிறது என்று பார்த்து, அதே மாதிரி படம் போட்ட ஆப்பைத் தேடி ஏற்றினாள். ஆப் முதலில் ஒரு கல்யாண விளம்பரம் காட்டியது. பிறகு ரம்மி விளையாடக் கூப்பிட்டது. பிறகு, இலவசத்தில் சாதாரணப் பேய்களை மட்டும்தான் பார்க்கலாம், பணம் கட்டினால் பழங்காலத்துப் பேய்கள் வரை காட்டுவேன் என்றது. அவள் சாதாரணமே போதும் என்று அமுக்கினாள்.

பிள்ளைகளைப் பார்க்கிற மாதிரியே அந்த முள்ளைப் பார்த்தாள். எதற்கு அழுகிறது, எதற்கு அடங்குகிறது என்று. பிளாஸ்டிக் நாற்காலியிடம் கொண்டுபோனாள், சும்மா இருந்தது. அரிசி டப்பா பிளாஸ்டிக், சும்மா இருந்தது. தோசைக் கல்லிடம் கொண்டுபோனதும் கத்தியது. பித்தளைக் குத்துவிளக்கிடம் சும்மா இருந்தது. கேஸ் சிலிண்டரைக் கண்டதும் அலறியது. தூங்குகிற லாயிட்டின் தலையில் வைத்துப் பார்த்தாள், பச்சை. எதற்கும் இருக்கட்டும் என்று அவன் தலைமாட்டில் வைத்திருந்த சுத்தியலிடம் சிவப்பு. சாயங்காலத்துக்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. இது இரும்பைக் கண்டால் அழுகிறது. வேறு எதையும் கண்டு இல்லை.

வாய்விட்டுப் பேசுகிற ஆப்பையும் ஏற்றி, அடுப்படியில் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கினாள். அது வெண்ணெய் என்றது. டிராக்டர் என்றது. கொஞ்சம் யோசித்துவிட்டு, வியாழக்கிழமை என்றது. நீலசந்திராவில் எந்தப் பேய்க்கு டிராக்டர் வேண்டும் என்று யோசித்தபோது, இத்தனை நாளில் முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது.

சரி, வாசலில் என்ன இரும்பு? பழைய மரக் கதவு, மர நிலை. போனோடு குனிந்து நிலைப்படியைப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆணிகள். இத்தனை வருஷம் தினமும் தாண்டிப் போவதால் அவளுக்கே மறந்துவிட்டிருந்தது.

இந்த ஆணிக்கதை இப்படி. முன்பு எப்போதோ ஒரு பிள்ளை வந்த நாளிலிருந்து அழுகையை நிறுத்தவில்லை. வழியில் எதையோ கண்டு பயந்துவிட்டது என்று அதன் அப்பா ஒரு இரும்பு ஆணியைக் கோவிலில் வைத்து எடுத்து வந்து, எதுவும் உள்ளே தொடர்ந்து வராமல் இருக்கட்டும் என்று நிலைப்படியின் வெளிப்பக்கம் அடித்தான். மறுநாள் பிள்ளை அழவில்லை. அன்றைக்குத்தான் அதற்குக் கிலுகிலுப்பை கிடைத்திருந்தது. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்து வந்த அம்மாவும் ஒரு ஆணி அடித்தாள். அப்புறம் அது சட்டமாகிவிட்டது. இந்துவோ கிறிஸ்தவரோ முஸ்லிமோ, புதுப் பிள்ளையை விடுகிறவர்கள் கையில் பால் பாட்டில், மாற்றுத் துணி, ஒரு ஆணி. பியாட்ரிஸுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. புடவை மாட்டிக் கிழிகிறது என்று லாயிட்தான் அவ்வப்போது தலைகளைச் சுத்தியலால் உள்ளே இறக்குவான். அந்தக் கட்டையில் இப்போது மரத்தைவிட இரும்புதான் அதிகம்.

பேயை நிறுத்த அம்மாக்கள் அடித்த ஆணியைத்தான் அபினவின் போன் பேய் என்றது.

"அவ்ளோதானா" என்றான் லாயிட், கேட்டுவிட்டு. "இதோ, குறடு எடுத்துனு வரேன். பொழுது போறதுக்குள்ள எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுடறேன்."

பியாட்ரிஸ் அவன் கையைப் பிடித்தாள். "எது யார் ஆணின்னு யாருக்குத் தெரியும்? பிடுங்கின மறுநாள் ஒரு பிள்ளைக்கு ஜுரம் வந்தா, நீதான் பிடுங்கினேன்னு வந்து நிப்பாங்க. ஆணி இருந்தா போன் கத்துது. ஆணி இல்லன்னா அம்மாங்க கத்துவாங்க."

"அப்ப விஷயத்தச் சொல்லிடு."

"யாரு?"

"நீதான். நான் சொன்னா, பொண்டாட்டிக்குப் பரிஞ்சு பேசறான்னுவாங்க."

அன்றைக்கு ராத்திரி வரைக்கும் அவள் அடுப்படிச் சுவரிடம் சொல்லிப் பார்த்தாள். ஷோபா, அது இரும்பைப் பார்த்தா கத்துது. சுவரிடம் நன்றாக வந்தது. ஆனாலும் தன் தொண்டையை அவளுக்குத் தெரியும். அதனால் போனையும் எடுத்துக்கொள்ள முடிவு செய்தாள். ஷோபா வீட்டுத் தோசைக் கல்லில் வைத்துக் காட்டிவிட்டால் பாதிப் பேச்சு மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக ஷோபா வீட்டுக்குப் போனாள். ஆப்பைத் தெருவிலேயே திறந்து வைத்துக்கொண்டாள். உள்ளே போய்த் தேடிக்கொண்டிருந்தால் தைரியம் போய்விடும். ஷோபாவின் புருஷன் தினேஷ் கதவைத் திறந்தான். ஆட்டோ ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை டீ கிளாஸும் கையுமாக இருந்தான்.

"வாங்கக்கா. இன்னா இவ்ளோ தூரம்?"

பியாட்ரிஸ் வாயைத் திறந்தாள். சுவரிடம் சொன்ன வார்த்தை ஒன்றும் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு ஒரு அடி உள்ளே வைத்தாள். கதவை ஒட்டி நின்றது ஷோபாவின் கல்யாணச் சீர் பீரோ, ஆளுயர இரும்பு. போன் அலறியது.

தினேஷின் டீ அவன் காலிலேயே கொட்டியது. உள்ளிருந்து ஓடிவந்த ஷோபா முள்ளைப் பார்த்தாள், பீரோவைப் பார்த்தாள்.

"ஐயோ, இங்கயும் வந்துடுச்சா?"

"இல்ல ஷோபா, அது..." என்றாள் பியாட்ரிஸ்.

"அதுக்குத்தான் போன வாரம் பீரோ சாவி தொலைஞ்சுது" என்றான் தினேஷ். "நான் எடுக்கலன்னு எத்தினி வாட்டி சொன்னேன். நம்புனியா?"

ஷோபா காத்திருக்கவில்லை. பியாட்ரிஸின் கையைப் பிடித்து, போனோடு சேர்த்து எதிர்வரிசையில் இருந்த சுனிதா வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பின்னாலேயே தினேஷ், அவன் பின்னால் லோகித், லோகித்தின் பின்னால் தெருவில் பாதி.

சுனிதாவின் மாமியார் லட்சுமம்மா வழக்கம்போல இரும்புக் கட்டிலில் படுத்திருந்தாள். சுனிதா போனைத் தன் கையில் வாங்கிக் கட்டிலுக்கு மேலே மெல்லக் கொண்டுபோனாள். முள் சிவப்பின் கடைசிக்கே போய் நின்றது.

"எனக்கு இது கல்யாணமான மறுநாளே தெரியும்" என்றாள் சுனிதா.

லட்சுமம்மா விருட்டென்று எழுந்தாள். "இன்னாடி தெரியும்? கொடு இங்க. நோடு, பாருடி, இப்ப என் மேல வச்சுப் பாக்கறேன்." வெளியே தெரு நடுவில் வந்து நின்று, போனைத் தன் நெஞ்சில் வைத்தாள். முள் பச்சையில் அசையாமல் நின்றது. "பாத்தீங்களா எல்லாரும்?" அதே கையோடு போனை மருமகளின் இடுப்புக்குக் கொண்டுபோனாள். சுனிதா அங்கே சாவிக்கொத்தைச் செருகியிருந்தாள். கீ கீ என்றது.

"இப்ப சொல்லுங்க, யாரு பேய்?"

தெரு சிரித்தது. சுனிதாவுக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். ஆனால் சிரிப்பு ஓய்ந்ததும் ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக்கு வந்து பார்க்கச் சொன்னாள். கேட் உள்ள வீட்டில் கேட் கத்தியது. கேட் இல்லாத வீட்டில் சிலிண்டர் கத்தியது. ஒரு வீட்டில் மாவு அரைக்கிற கிரைண்டருக்குள் இருந்து கத்தியது. யாரோ போய் அபினவைப் பிடித்து வந்தார்கள். கடையைப் பாதி மூடிவிட்டு வந்தவன், கூட்டத்தைப் பார்த்ததும் திரும்பி ஓடப் பார்த்தான். தினேஷ் தோளில் கை போட்டு நிறுத்தினான்.

"ஓடாத மச்சா. ஒன் போன எடு. மொதல்ல ஒன் கடையப் பாக்கலாம்."

கடையின் ஷட்டருக்குப் பக்கத்தில் போகுமுன்பே போன் கத்த ஆரம்பித்தது.

"ஊருலயே பெருசு ஒன் கடையிலதான் கீது" என்றான் தினேஷ். "இதுக்கு மேல நீ இன்னாத்துக்கு வெளிய போயி தேடற? நாற்காலி போட்டு இங்கயே ஒக்காந்து எடு."

"அண்ணா, அது கேலிபிரேஷன் கொஞ்சம்..." என்றான் அபினவ்.

"கேலி யாரு பண்ணாங்க? சீரியஸாத்தான் கேக்கறோம்."

"இரும்புப்பா."

யார் சொன்னது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பியாட்ரிஸ் பெரியவர்கள் நடுவில் பேசி அந்தத் தெரு கேட்டதில்லை. அவளுக்கே அந்தக் குரல் தன்னுடையதா என்று இருந்தது. நிறுத்தினால் மறுபடி வராது என்று தெரிந்ததால் நிறுத்தவில்லை.

"அது இரும்பைப் பாத்தா கத்துது. ஷட்டர் இரும்பு. பீரோ இரும்பு. இந்தச் சுவத்துல வச்சுப் பாருங்க, கத்தாது." சுவரில் வைத்துக் காட்டினாள். கத்தவில்லை. "எங்க வாசல்ல கத்தினதும் இரும்புதான். நீங்க எல்லாரும் அடிச்சீங்களே, ஆணி. அதுதான். எங்க வீட்ல ஒண்ணும் இல்ல. பிள்ளைங்களக் கொண்டாந்து விடுங்க."

சொல்லிவிட்டாள். முழுதாக. லோகித் வந்து அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் காதை இழுத்தான்.

ஷோபா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள்.

"எங்க ஆணியா? நாங்க அடிச்சதா?"

பியாட்ரிஸ் லோகித்தை இழுத்து அணைத்துக்கொண்டாள். இதற்குத்தான் பயந்தாள்.

"அந்த எடத்துல மட்டும்தான் கத்துச்சா? வீட்டுக்குள்ள எங்கயும் கத்தலயா?" என்று ஷோபா அபினவைக் கேட்டாள்.

"இல்லக்கா, உள்ள எல்லாம் பச்சதான். வீடியோலயே இருக்குது பாருங்க. வாசல்ல மட்டும்தான்."

ஷோபாவின் முகம் மெல்ல மலர்ந்தது. மற்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். "அப்போ வேலை செஞ்சிருக்குதுடி. உள்ள வர்றதுக்கு வந்துக்கீது. ஆணியில மாட்டிக்கிச்சு. அதான் அங்கயே நின்னு கத்துது."

"ஆமாக்கா" என்றாள் சுனிதா. "நம்ம வீட்ல எல்லாம் அவுத்து விட்ட மாதிரி பீரோவுல, கட்டில்ல ஏறிக் குந்தினு கீது. இவங்க வீட்ல மட்டும்தான் வாசல் தாண்டல. நம்ம புத்திய இன்னா சொல்றது? மாட்டின எடத்துலேந்து புள்ளயக் கொண்டாந்து, அவுந்து திரியற எடத்துல விட்டு வச்சிருக்கோம்."

"நான் ஹெப்பகோடி வரைக்கும் பஸ்ல பேஜார் பட்டு அலையறேன்" என்றாள் ஷோபா.

இல்லை, அப்படி இல்லை, இரும்பு என்றால் எல்லா இரும்பும்தான் என்று பியாட்ரிஸ் வாயைத் திறந்தாள். இந்தத் தடவை வார்த்தை திரும்பிப் போகவில்லை. நாக்கு நுனியில் தயாராக நின்றது. எதிரில் ஏழெட்டு அம்மாக்கள், நாளைக் காலை முதல் ஷிஃப்டுக்கு வழி கிடைத்துவிட்ட நிம்மதியில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரும்பு என்று ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. கேட்டுக்கொள்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். அவள் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். எல்லோரும் தங்களுக்கு வேண்டியபடி எடுத்துக்கொண்டார்கள்.

அபினவ் மெல்ல அவளிடம் வந்தான். "அக்கா, பேயைப் புடிச்ச வாசல்னு பார்ட் டூ எடுக்கலாமா? ரெண்டே நிமிஷம்."

"வேணாம்பா" என்றாள் பியாட்ரிஸ். "பழசையும் எடுத்துடு."

அவன் அங்கேயே நின்று அழித்தான். அழித்ததை தினேஷ் கிட்ட நின்று பார்த்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை தெரு மறுபடி அழுகையில் விழித்தது. ஷோபா லோகித்தை இறக்கிவிட்டு, நிலைப்படியைக் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். பட்டன் போன்காரியின் மகன் வந்தான். ஒவ்வொருவராக எல்லோரும் வந்தார்கள். யஷிகாவை மட்டும் காணவில்லை. பியாட்ரிஸ் இட்லி ஊட்டிக்கொண்டே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் அழுது முடித்துச் சிரிக்க ஆரம்பித்த நேரத்தில் சுனிதா வந்தாள். ஒரு கையில் யஷிகா. இன்னொரு கையில் தலையணையோடு லட்சுமம்மா.

"அந்தக் கட்டில்ல இனிமே நான் ஒண்டியா படுக்க மாட்டேன்" என்றாள் லட்சுமம்மா, வாசலிலேயே. "இவ வேலைக்குப் போயிடறா. பட்டப்பகல்ல அது மேல ஏறி உக்காந்தா யாரக் கூப்புடறது? நான் இங்கயே ஒரு ஓரமா இருந்துக்கறேன்."

"சாப்பாடு கட்டிக் கொடுத்துட்டேன்க்கா" என்றாள் சுனிதா. அவள் முகத்தில் இப்படியொரு வெளிச்சத்தை பியாட்ரிஸ் பார்த்ததில்லை. "மதியம் தூங்கிடும். அடம் பண்ணாது. சாயந்தரம் ரெண்டயும் ஒண்ணா கூட்டினு போயிடறேன்." பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

மதியம் லாயிட் வந்தபோது வீட்டில் கால் வைக்க இடமில்லை. சுவரோரம் தலையணையில் சாய்ந்து லட்சுமம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் யஷிகா, அவள் தோளில் தொங்கிக்கொண்டு லோகித். அவர்களுக்குள் ஏதோ பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது.

"இன்னாடி இது, மாமியாருங்களயும் சேத்துக்கினியா?" என்று லாயிட் காதோடு கேட்டான். "நாளைக்கே தெருவுல இருக்கற மருமகளுங்க எல்லாம் வரிசைல வந்து நிப்பாங்க."

"ஃபேனுக்குக் கீழ இருக்கற எடம் என்னுது" என்றாள் லட்சுமம்மா. "நான் பெரியவ."

"எனுது" என்றான் லோகித்.

"நேத்து வரைக்கும் நீ ஹெப்பகோடிலதானே இருந்தே. அங்கயே போயி படு."

லோகித்தின் உதடு பிதுங்கியது. யஷிகா பேச்சில்லாமல் பாட்டியின் கையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பியாட்ரிஸ் பார்த்தாள். சட்டென்று யஷிகாவைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள். பாய்களை உதறி வரிசையாக விரித்தாள். ஃபேனுக்கு நேர் கீழே குறுக்கே ஒரு பாய் போட்டு, அதில் லோகித் தலையும் லட்சுமம்மா தலையும் ஒட்டினாற்போல் இரண்டு தலையணை வைத்தாள்.

"வழக்கு முடிஞ்சுது. எல்லாரும் படுங்க. கண்ண மூடணும், பேசக்கூடாது" என்றாள், சுற்றிலும் பார்த்து. "லட்சுமம்மா, உங்களையும் சேத்துத்தான் சொல்றேன்."